“எனக்கு மெட்டபாலிசம் ஸ்லோ”: உடல் எடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடையைக் குறைக்க ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இந்தத் தலைப்புதான். அதைத் தொடர்ந்து வரும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

கணக்கு வரும் இடங்களில் குழப்பம் வராமல் இருக்க ஒரே ஆளை வைத்துக்கொள்வோம். 45 வயது, 155 செ.மீ. உயரம், 68 கிலோ எடை, நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. கற்பனை ஆள்தான், வளசரவாக்கத்து அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். கலோரி என்று நாம் பேச்சில் சொல்வது அறிவியல் கணக்கில் கிலோகலோரி. இங்கேயும் பேச்சு வழக்குதான்.

மெட்டபாலிசம்னா என்ன? சாப்பிட்டது செரிக்கிறதுதானே?

செரிமானம் அதில் ஒரு சின்னப் பகுதி. சாப்பாடு குடலில் உடைந்து ரத்தத்தில் சேர்ந்த பிறகு, ஒவ்வொரு செல்லும் அதை எரித்துச் சக்தியாக்குவது, மிச்சத்தைச் சேமிப்பது, பழுதான புரதத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டுவது எல்லாம் சேர்ந்ததுதான் மெட்டபாலிசம். பாடப்புத்தகத்தில் வளர்சிதை மாற்றம் என்று படித்திருப்பீர்கள். ‘எனக்குச் சாப்பிட்டது செரிக்கவே மாட்டேங்குது, அதான் மெட்டபாலிசம் ஸ்லோ’ என்பது இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக்குவது. நெஞ்செரிச்சலும் வாயுத்தொல்லையும் இருப்பவருக்கும் செல்கள் சரியான வேகத்தில்தான் எரித்துக்கொண்டிருக்கும்.

ஒரு நாளைக்கு என் உடம்பு எவ்வளவு எரிக்குது? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

செலவு மூன்று வழியில் போகிறது. சும்மா படுத்திருந்தாலும் உயிரோடு இருப்பதற்கு ஆகும் செலவு, மொத்தத்தில் 60 முதல் 70 சதவீதம். சாப்பிட்டதைச் செரித்துச் சேமிக்க ஆவது சுமார் 10 சதவீதம். நடப்பது, பெருக்குவது, பஸ்ஸுக்கு ஓடுவது, உடற்பயிற்சி எல்லாம் சேர்ந்து மிச்சம். முதல் வகையில் பெரும்பங்கு தசைக்குப் போவதாக நினைக்கிறோம். உண்மையில் மூளை, கல்லீரல், இதயம், சிறுநீரகம் ஆகியவைதான் பெரிய செலவாளிகள். ஒரு கிலோ இதயம் அல்லது சிறுநீரகத்துக்கு நாளொன்றுக்கு 440 கலோரி, மூளைக்கு 240, கல்லீரலுக்கு 200. ஓய்வில் இருக்கும் தசைக்கு 13, கொழுப்புக்கு நாலரை.

ஓய்வுச் செலவை மதிப்பிட 1990 முதல் புழக்கத்தில் இருக்கும் ஒரு சூத்திரம்: எடையைக் கிலோவில் எடுத்து 10 ஆல் பெருக்குங்கள். உயரத்தைச் செ.மீ.யில் எடுத்து 6.25 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5 ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆணாக இருந்தால் 5 கூட்டுங்கள், பெண்ணாக இருந்தால் 161 கழியுங்கள். வளசரவாக்கத்து அக்காவுக்கு 680 கூட்டல் 969 கழித்தல் 225 கழித்தல் 161, அதாவது 1,263.

இந்தச் சூத்திரம் மேலைநாட்டு உடம்புகளை அளந்து உருவானது. நமக்கு அது கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். பத்து சதவீதம் குறைத்துக்கொள்வது பத்திரம். ஆக 1,140. உட்கார்ந்த வேலைக்காரர் என்பதால் 1.4 ஆல் பெருக்கினால் ஒரு நாளின் மொத்தச் செலவு சுமார் 1,600 கலோரி. இணையத்தில் பார்க்கும் 2,000 கலோரி டயட் சார்ட் அவருக்கு எடை ஏற்றும் சார்ட் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

ஒல்லியா இருக்கறவங்களுக்கு மெட்டபாலிசம் ஃபாஸ்ட், குண்டா இருக்கறவங்களுக்கு ஸ்லோ. கரெக்ட்தானே?

பெரும்பாலும் தலைகீழ். பெரிய உடம்புக்குப் பெரிய உறுப்புகள், கூடுதல் தசை, சுமக்க அதிக எடை. மேலே உள்ள சூத்திரத்தில் எடை ஏற ஏற விடையும் ஏறுவதைப் பாருங்கள். 90 கிலோக்காரர் சும்மா உட்கார்ந்தே 55 கிலோக்காரரை விட அதிகம் எரிக்கிறார்.

ஒரே வயது, ஒரே எடை, ஒரே பாலினம் உள்ள இருவருக்குள்ளும் வித்தியாசம் இருக்கும்தான். ஆனால் ‘அவ என்ன சாப்பிட்டாலும் ஏறாது’ என்று சொல்லப்படும் தோழியை ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள். உட்காரமாட்டார். போன் பேசும்போது நடப்பார். மதியம் பிரியாணி சாப்பிட்டால் ராத்திரி பசிக்கவில்லை என்று மோர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். அமெரிக்காவில் 1999-ல் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1,000 கலோரி அதிகமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கு அரைக் கிலோ கூடக் கொழுப்பு ஏறவில்லை. இன்னொருவருக்கு நாலு கிலோவுக்கு மேல் ஏறியது. அந்த இடைவெளியைப் பெரும்பாலும் உண்டாக்கியது உடற்பயிற்சி அல்ல, தங்களுக்கே தெரியாமல் செய்த இந்த மாதிரி அசைவுகள்தான்.

நான் கொஞ்சமாத்தான் சாப்பிடறேன். ஆனா வெயிட் ஏறிக்கிட்டே போகுது. எப்படி?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பொய் சொல்வதில்லை. தட்டில் இருப்பது உண்மையிலேயே கொஞ்சம்தான். 1992-ல் நியூயார்க்கில், 1,200 கலோரிக்குக் கீழே சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்ன சிலரைச் சோதித்தார்கள். ஐசோடோப்பு (உடலுக்குள் தடம் பார்க்க உதவும், எடை மாறிய அணு) கலந்த தண்ணீரைக் குடிக்கவைத்து உண்மையான செலவை அளந்தபோது அவர்களின் மெட்டபாலிசம் இயல்பாகவே இருந்தது. சாப்பிட்டதை மட்டும் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், வேண்டுமென்று அல்ல.

நம் வீடுகளில் அந்தக் கணக்கில் வராத பகுதி எண்ணெய். அரிசியை அளப்போம், இட்லியை எண்ணுவோம், எண்ணெயை ஊற்றுவோம். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி எண்ணெய் 120 கலோரி. கடலை எண்ணெயானாலும், செக்கு நல்லெண்ணெயானாலும், விலை உயர்ந்த ஆலிவ் எண்ணெயானாலும் அதேதான். உங்கள் வீட்டுக் கணக்கைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: மாத மளிகைச் சீட்டைப் பாருங்கள். நாலு பேர் வீட்டில் நாலு லிட்டர் எண்ணெய் செலவானால் தலைக்கு ஒரு லிட்டர், நாளொன்றுக்கு 270 கலோரி. நெய், தேங்காய், வெளியில் தின்ற பஜ்ஜி இதில் சேரவில்லை. தலைக்கு அரை லிட்டருக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால், தட்டில் எந்த மாற்றமும் தெரியாமலே 130 கலோரி குறைந்துவிடும். தாளிக்கும்போது பாட்டிலைச் சாய்க்காமல் ஸ்பூனில் எடுத்து ஊற்றினாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது காபி. 80 மில்லி ஆரஞ்சு பாக்கெட் பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்ட ஒரு டம்ளர் சுமார் 110 கலோரி. ஒரு நாளைக்கு மூன்று என்றால் 330. ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், பச்சையில் 4.5, நீலத்தில் 3. நீலத்துக்கு மாறி, சர்க்கரையையும் விட்டால் மூன்று காபியும் சேர்ந்து 150-ஐத் தாண்டாது. பால் மாற்றம் ஒரு வாரத்தில் பழகிவிடும். சர்க்கரைக்கு மூன்று வாரம் ஆகும்; ஒரே நாளில் விடாமல் அரை ஸ்பூன் அரை ஸ்பூனாகக் குறைப்பதே நிலைக்கிறது.

குழந்தை மிச்சம் வைத்ததைத் தின்பது, சமைக்கும்போது ருசி பார்ப்பது, ஆபீஸில் யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த மைசூர்பாகு ஆகியவை மூன்றாவது வகை. ஏழு நாள், வாயில் போடும் முன்பே எழுதிப் பாருங்கள். சாப்பிட்ட பிறகு எழுதினால் மறந்துவிடும்.

தினமும் 100 கலோரி கூடுதலா சாப்பிட்டா வருஷத்துக்கு அஞ்சு கிலோ ஏறும்னு சொல்றாங்களே?

ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. 36,500-ஐ அதனால் வகுத்தால் 4.7 கிலோ வரும். அந்தப் பெருக்கல் கணக்கு அங்கிருந்து வந்தது. அது உண்மையாக இருந்தால் பத்து வருடத்தில் 47 கிலோ ஏறவேண்டும். ஏறுவதில்லை, ஏனென்றால் எடை ஏறினால் செலவும் ஏறுகிறது. தினமும் 100 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டால் முதல் வருடத்தில் சுமார் 2 கிலோ, மூன்று வருடத்தில் சுமார் 4 கிலோ ஏறி அங்கே நின்றுவிடும். குறைக்கும்போதும் இதே கதைதான், அதைப் பின்னால் பார்க்கலாம்.

முப்பது தாண்டினாலே மெட்டபாலிசம் படுத்துடும் இல்ல?

2021-ல் 29 நாடுகளைச் சேர்ந்த, பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயது வரையிலான 6,400-க்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. உடல் அளவுக்கு ஏற்பச் சரிசெய்து பார்த்தால் 20 வயது முதல் 60 வரை வேகம் கிட்டத்தட்ட மாறவே இல்லை. 60-க்குப் பிறகுதான் வருடத்துக்கு 0.7 சதவீதம் போலக் குறைகிறது.

அப்படியானால் முப்பத்தைந்தில் தொப்பை எங்கிருந்து வருகிறது? கல்லூரியில் மின்சார ரயிலுக்கு ஓடியவர் இப்போது வாசலில் காரை எடுத்து ஆபீஸ் பேஸ்மென்டில் நிறுத்துகிறார். கிரிக்கெட் நின்றுபோனது, சாப்பாட்டு அளவு மாறவில்லை. பயன்படுத்தாத தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அந்த இடத்தைக் கொழுப்பு பிடிக்கிறது. மாதவிடாய் நிற்கும் வயதிலும் எரிக்கும் வேகம் திடீரென விழுவதில்லை. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது, தூக்கம் கெடுகிறது. தராசில் ஒரு கிலோதான் ஏறியிருக்கும், ரவிக்கை மட்டும் இறுகிப்போயிருக்கும்.

எனக்கு தைராய்டு இருக்கு. மாத்திரை போடறேன். அதனாலதான் குறைய மாட்டேங்குதா?

தைராய்டு சுரப்பு குறைந்தால் மெட்டபாலிசம் உண்மையிலேயே குறையும். இந்தப் பக்கத்தில் ‘ஸ்லோ’ என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உள்ள இடம் இது ஒன்றுதான். ஆனால் அதனால் ஏறும் எடை பொதுவாக 2 முதல் 5 கிலோ, அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். 20 கிலோ ஏறியதற்குத் தைராய்டை மட்டும் காரணமாகக் காட்ட முடியாது. மாத்திரையால் டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) சரியான அளவுக்கு வந்துவிட்டால் உங்கள் வேகமும் மற்றவர்களைப் போலத்தான். மிச்ச எடைக்கு மற்ற எல்லாருக்கும் உள்ள வழியே.

மாத்திரை போட்டும் டி.எஸ்.எச். இறங்காதவர்களிடம் முதலில் கேட்கவேண்டியது: காபி எத்தனை மணிக்கு? எழுந்ததும் மாத்திரை, அடுத்த ஐந்தாவது நிமிடம் டிகாக்‌ஷன் என்றால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். முடிக்காக பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்தவேண்டும். பரிசோதனை முடிவையே அது மாற்றிக் காட்டும். மாத்திரை அளவு மாற்றினால் மறுபடி பார்ப்பதற்கு 6 முதல் 8 வாரம் ஆகவேண்டும், பத்தாவது நாளே பார்த்து அலுத்துக்கொள்ள வேண்டாம்.

தைராய்டு சரியாக உள்ளவர் எடை குறைக்க அந்த மாத்திரையைப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. நெஞ்சு படபடப்பு வரும், எலும்பு தேயும், தசை கரையும்.

கொள்ளு, கிரீன் டீ, சீரகத் தண்ணி, வெந்நீர்... எது மெட்டபாலிசத்தைக் கூட்டும்?

காபியிலும் டீயிலும் உள்ள கஃபைன் சில மணி நேரத்துக்கு 3, 4 சதவீதம் கூட்டும். பழகியவர்களுக்கு அதுவும் குறைவு. அக்காவின் கணக்கில் ஒரு கப்புக்கு ஐந்தாறு கலோரி. மிளகாயின் காரம் வேர்க்கவைக்கும் அளவுக்கு எரிக்கவைப்பதில்லை. வெந்நீர் எதையும் கரைப்பதில்லை. சொல்லப்போனால் குளிர்ந்த நீர்தான் செலவு வைக்கும்: 10 டிகிரியில் உள்ள அரை லிட்டரை உடல் சூட்டுக்குக் கொண்டுவர 13 கலோரி.

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பதில் அர்த்தம் உண்டு. கொள்ளில் நூறு கிராமுக்கு 22 கிராம் போலப் புரதம், நிறைய நார்ச்சத்து. வயிறு நிறைந்து நிற்கும். அது வேலை செய்வது பசி வழியாக, அடுப்பை ஏற்றி அல்ல. குடம்புளிச் சாற்றை மாத்திரையாக்கி விற்பவற்றை விட்டுவிடுங்கள். குழம்பில் போடும் புளியால் ஆபத்தில்லை. செறிவாக்கிய மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.

சென்னை வெயில்ல இப்படி வேர்த்து ஊத்துதே, கொழுப்பு கரையாதா?

வேர்வை என்பது தண்ணீரும் உப்பும். மே மாதத்தில் ஒரு லிட்டர் வேர்த்தால் தராசில் ஒரு கிலோ குறையும், ஒரு சொம்பு மோர் குடித்ததும் திரும்பிவிடும். வயிற்றில் பெல்ட் கட்டிக்கொண்டு நடப்பது, ரெயின்கோட் போட்டு ஓடுவது எல்லாம் மயக்கம் வரவழைக்கும் வழிகள். கரைந்த கொழுப்பு வெளியேறும் வாசல் மூக்கு. 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் போகிறது, மிச்சம் 1.6 கிலோ நீராகிறது.

காலை டிபன் சாப்பிடலேன்னா மெட்டபாலிசம் நின்னுடுமா? ஆறு வேளையா பிரிச்சுச் சாப்பிடணுமா?

நிற்காது. செரிப்பதற்கு ஆகும் 10 சதவீதச் செலவு மொத்தச் சாப்பாட்டைப் பொறுத்தது. 1,500 கலோரியை இரண்டு வேளையாகச் சாப்பிட்டாலும் ஆறாகப் பிரித்தாலும் அது 150 தான். டிபனை விட்டால் பதினோரு மணிக்குச் சமோசாவைத் தேடுகிறவர் டிபன் சாப்பிடவேண்டும். விட்டும் நிம்மதியாக இருக்க முடிகிறவர் விடலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வேளையைத் தவிர்க்கக்கூடாது, ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

சோத்தை விட்டுட்டு சப்பாத்தி, சிறுதானியத்துக்கு மாறிட்டேன். ஏன் குறையல?

வேகாத அரிசி, கோதுமை, தினை, சாமை எல்லாமே நூறு கிராமுக்கு 330 முதல் 360 கலோரிக்குள்தான். சிறுதானியத்தில் நார்ச்சத்து அதிகம், அது நல்லதே. ஆனால் ‘மில்லட் தானே’ என்று இரண்டு கரண்டி கூடப் போட்டால் பலன் போயிற்று. 30 கிராம் மாவில் எண்ணெய் விடாமல் போட்ட ஒரு சப்பாத்தி 100 கலோரி. வடித்த சோறு நூறு கிராம் 130. மூன்று சப்பாத்தியும் குருமாவும் சாப்பிடுகிறவர் ஒரு கப் சோறும் ரசமும் சாப்பிடுகிறவரை விடக் குறைவாகச் சாப்பிடவில்லை.

மாற்றவேண்டியது தானியத்தின் பெயரை அல்ல, தட்டில் அதன் பங்கை. இந்தியர்களின் தினசரிக் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாக, சென்னையில் உள்ள மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நடத்திய நாடு தழுவிய ஆய்வு காட்டியிருக்கிறது. குறைவது புரதம். மற்றவற்றைவிட அதைச் செரிப்பதற்கே அதிகம் செலவாகிறது: புரதக் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செரிமானத்திலேயே போய்விடும், மாவுச்சத்தில் 5 முதல் 10, கொழுப்பில் அதிகபட்சம் 3. பசியையும் அதிக நேரம் தள்ளிப்போடும்.

எடை குறைக்கும் காலத்தில் அக்காவுக்கு நாளொன்றுக்கு 70 கிராம் போலப் புரதம் தேவை. நாலு இட்லியில் 8 கிராம்தான். ஒரு கப் சாம்பாரில் பருப்பு 20 கிராம் இருந்தால் 4 கிராம். ஹோட்டல் சாம்பாரில் அதுவும் சந்தேகம். இரண்டு முட்டை 12, நூறு கிராம் மீன் 20, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 12 போல, 200 கிராம் தயிர் 6, காய்ந்த சோயா உருண்டை 50 கிராம் 26. அசைவமோ சோயாவோ இல்லாமல் 70-ஐத் தொடுவது சிரமம், ஆனால் தினமும் சுண்டலும் பனீரும் சேர்த்தால் 55 வரை வரலாம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவேண்டாம்.

தினம் ஒரு மணி நேரம் வாக்கிங் போறேன், மூணு மாசமா. ஒரு கிலோ கூடக் குறையலையே?

சமதரையில் நடக்க, கிலோமீட்டருக்கு, உங்கள் எடையில் கிலோவுக்கு அரை கலோரி கூடுதலாகச் செலவாகும். மெரினாவில் உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். அக்கா அங்கே போய்விட்டுப் பாதி தூரத்துக்கு மேல் திரும்பினால் ஐந்து கிலோமீட்டர், 170 கலோரி. கையில் கட்டிய வாட்ச் 300 என்று காட்டும். சும்மா இருந்தாலும் ஆகியிருக்கும் செலவையும் அது சேர்த்துக்கொள்கிறது. போதாததற்கு வாட்ச்சுகளின் கலோரிக் கணக்கில் 20 சதவீதத்துக்கு மேல் பிழை சாதாரணம். நடை முடிந்து நண்பர்களோடு ஹோட்டலில் ஒரு பிளேட் பொங்கலும் வடையும் என்றால் 500 எளிதாகத் தாண்டும்.

இன்னொரு சங்கதி கண்ணுக்குத் தெரியாது. காலையில் ஒரு மணி நேரம் நடந்தவர் மீதி நாளில் தன்னை அறியாமல் அசைவைக் குறைத்துக்கொள்கிறார். ‘வாக்கிங் போயிட்டேனே’ என்று மாடிக்கு லிஃப்ட், முக்குக் கடைக்கு வண்டி. மூன்றாவது மாடியில் 20 லிட்டர் தண்ணீர் கேனை இறக்கிவிட்டுப் போகிறவருக்கு வாக்கிங் தேவைப்படாததன் காரணம் இதற்கு நேர் எதிரானது. காலடி எண்ணிக்கையை வாக்கிங் நேரத்துக்கு மட்டும் பார்க்காமல் முழு நாளுக்கும் பாருங்கள். நின்றுகொண்டே வேலை பார்க்கும் மேஜையில் பெரிய நம்பிக்கை வைக்கவேண்டாம், உட்கார்வதைவிட மணிக்கு 9 கலோரிதான் அதிகம்.

இதற்காக நடையை நிறுத்திவிடாதீர்கள். ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம் ஆகியவற்றுக்கு அது செய்வது எடையில் தெரியாது. குறைத்த எடை திரும்ப ஏறாமல் காப்பதில் நடைக்குப் பெரிய பங்கு உண்டு. குறைக்கும் வேலையை மட்டும் தட்டிடம் கொடுங்கள்.

ஜிம்ல வெயிட் தூக்கினா தூங்கும்போதும் கொழுப்பு எரியுமாமே?

இரண்டாவது கேள்வியில் பார்த்தோம்: ஒரு கிலோ தசைக்கு நாளொன்றுக்கு 13 கலோரி. ஒரு வருடம் கஷ்டப்பட்டு இரண்டு கிலோ தசை ஏற்றினால் கூடுதல் செலவு 26 கலோரி, ஒரு மாரி பிஸ்கட் அளவு. விளம்பரம் சொல்வது போல உடம்பு உலையாக மாறாது.

ஆனாலும் செய்யவேண்டும். சாப்பாட்டைக் குறைத்து மட்டும் எடை இறக்கினால் போவதில் கால்வாசி வரை தசையாக இருக்கலாம். திரும்ப ஏறும்போது பெரும்பாலும் கொழுப்பாக ஏறும். நாலு முறை டயட் இருந்து நாலு முறையும் விட்டவருக்கு அதே 68 கிலோவில் முன்பைவிடக் கொழுப்பு அதிகம் இருக்கக்கூடும். வாரம் இரண்டு நாள் போதும்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, 5 லிட்டர் கேனை இடுப்பு உயரத்துக்குத் தூக்குவது. ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக மூன்று முறை. கடைசி இரண்டு கஷ்டமாக இல்லையென்றால் சுமை போதவில்லை.

முதல் பத்து நாள்ல மூணு கிலோ போச்சு. அப்புறம் அப்படியே நின்னுடுச்சு. ஏன்?

முதலில் போனதில் பெரும்பகுதி தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் சுமார் அரைக் கிலோ சர்க்கரைச்சத்து கிளைக்கோஜனாகச் சேமிப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தைக் குறைத்ததும் அது காலியாகிறது. ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாடு, அப்பளம், ஊறுகாய், வத்தக்குழம்பு என்று போனால் மறுநாளே ஒரு கிலோவுக்கு மேல் திரும்ப வரும். அதுவும் கொழுப்பு அல்ல. அதனால் தினமும் காலையில் கழிவறை போய்வந்து, எதுவும் குடிக்கும் முன் எடை பாருங்கள். ஒரு நாள் எண்ணை நம்பாமல் ஏழு நாள் சராசரியைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மாதவிடாய்ச் சுழற்சி உள்ளவர்கள் போன மாதம் அதே நாளோடு ஒப்பிடுவதே சரி.

நாலு வாரச் சராசரியும் அசையவில்லை என்றால்தான் உண்மையான தேக்கம். அக்கா 1,600 செலவுக்கு 1,300 சாப்பிட்டு 68-லிருந்து 60-க்கு வந்துவிட்டார் என்று வையுங்கள். சிறிய உடம்பின் செலவு இப்போது 1,500 தான். உடம்பு சிக்கனம் பிடித்ததில் இன்னும் 50 முதல் 100 போயிருக்கும். 300 ஆக இருந்த பற்றாக்குறை 100-க்கு வந்துவிட்டது. அதோடு ஆரம்பத்தில் ஸ்பூனில் அளந்த எண்ணெய் இப்போது கைக்கணக்கில் விழுகிறது. மறுபடி ஒரு வாரம் எழுதிப் பார்ப்பது, புது எடைக்குக் கணக்கைத் திரும்பப் போடுவது, அல்லது இரண்டு மாதம் அந்த எடையைத் தக்கவைத்துவிட்டுத் தொடர்வது. மூன்றாவது வழியைத் தோல்வி என்று நினைக்கிறவர்கள்தான் பெரும்பாலும் முழுவதையும் விட்டுவிடுகிறார்கள்.

ரொம்பக் கம்மியா சாப்பிட்டா உடம்பு ‘பட்டினி மோடு’க்குப் போய் வெயிட் ஏறும்னு சொல்றாங்களே?

ஏறாது. 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆண்கள் 24 வாரம் அரைப்பட்டினி இருந்தார்கள். ஓய்வுச் செலவு சுமார் 40 சதவீதம் சரிந்தது, ஆனாலும் உடல் எடையில் கால்வாசி போயிற்று. வேகம் குறையும், இழப்பு நிற்காது.

ஆபத்து வேறு இடத்தில். அமெரிக்காவின் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் சில மாதங்களில் தாறுமாறாக எடை குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு எடை கணிசமாகத் திரும்பியிருந்தது. எரிக்கும் வேகமோ எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்கு 500 கலோரி குறைவாகவே இருந்தது. மாதத்துக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்று போவது மந்தம் போலத் தோன்றும். அக்காவின் 300 கலோரிப் பற்றாக்குறை தருவது அவ்வளவுதான்.

ஜிம்ல ஒரு மெஷின்ல நிக்க வெச்சு ‘மெட்டபாலிக் வயசு 58’னு சொல்லிட்டாங்க. பயமா இருக்கு.

அந்த மெஷின் மெட்டபாலிசத்தை அளப்பதில்லை. காலில் மெல்லிய மின்சாரம் செலுத்தி, தடையை வைத்துக் கொழுப்பை ஊகித்து, நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிட்டு ஒரு வயதைச் சொல்கிறது. தண்ணீர் குடித்துவிட்டு நின்றால் ஒன்று, வேர்த்தபின் நின்றால் இன்னொன்று காட்டும். மூச்சில் போகும் ஆக்சிஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் அளந்தால்தான் உண்மையான வேகம் தெரியும். பேக்கேஜ் விற்கும் மேஜைக்குப் பக்கத்தில் அந்த மெஷின் இருப்பது தற்செயல் அல்ல.

நான் ஒல்லியாத்தான் இருக்கேன். எனக்கு எப்படி சுகர் வந்துச்சு?

2004-ல் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யட்கின், இருவருக்கும் பி.எம்.ஐ. (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 22.3. ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடலில் 21.2. அதே எடையில் நமக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றுக்குள்ளே கல்லீரலைச் சுற்றி. இன்சுலின் சொல்வதைக் கேட்காத உடம்பு உருவாவது இங்கேதான். அதனால்தான் நமக்குப் பி.எம்.ஐ. 23-லேயே அதிக எடை, 25-லேயே உடல் பருமன் என்று கணக்கு. டேப்பை எடுங்கள்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் தராசு என்ன சொன்னாலும் சர்க்கரையைப் பரிசோதிக்கவேண்டும்.

ஓ.எம்.ஆர்.ல நைட் ஷிஃப்ட். அதனால மெட்டபாலிசம் கெட்டுப்போகுமா?

எரிக்கும் வேகம் பெரிதாக மாறாது. ஆனால் இரவில் இன்சுலினின் வேலைத்திறன் குறைவு, நள்ளிரவு பிரியாணி அதே மதிய பிரியாணியைவிடச் சர்க்கரையை அதிகம் ஏற்றும். தூக்கம் ஐந்து மணி நேரமாகக் குறைந்தால் மறுநாள் பசி கூடும், கை இனிப்பையும் பொரித்ததையும் தேடும். ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் முன் எட்டு மணிக்குள் முழுச் சாப்பாடு, ஒரு மணிக்குச் சுண்டலோ முட்டையோ, விடிந்ததும் இரண்டு இட்லியோடு தூக்கம். ஜன்னலுக்குத் தடித்த திரை போடுவது எந்த டயட் சார்ட்டுக்கும் குறைந்ததல்ல.

வாரம் ஒரு ஊசி போட்டா குறையுதாமே, அது மெட்டபாலிசத்தைக் கூட்டுமா?

செமாக்ளூடைட், டிர்ஸெபடைட் போன்றவை வேகத்தைக் கூட்டுவதில்லை, பசியை அடக்குகின்றன. செமாக்ளூடைடின் பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. நிறுத்தி ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. பசியே இல்லாததால் புரதம் உள்ளே போகாது, தசை கரையும். மேலே சொன்ன சுண்டலும் நாற்காலிப் பயிற்சியும் ஊசி போடுகிறவர்களுக்குத்தான் இன்னும் அவசியம். மருத்துவர் சீட்டு இல்லாமல் தொடவேண்டாம்.

டயட்டும் இல்ல, எக்சர்சைஸும் இல்ல. மூணு மாசத்துல ஆறு கிலோ தானா குறைஞ்சிருக்கு. என் மெட்டபாலிசம் இப்போ ஃபாஸ்ட் ஆயிடுச்சா?

ஆகியிருக்கலாம், அது நல்ல செய்தி அல்ல. எந்த முயற்சியும் இல்லாமல் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே பார்க்கவேண்டும். அக்காவுக்கு அது 3.4 கிலோ. கட்டுப்பாட்டை இழந்த சர்க்கரை நோய், அதிகம் சுரக்கும் தைராய்டு, காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு எல்லாமே இப்படித் தொடங்கலாம். தாகம் அதிகமாகி அடிக்கடி சிறுநீர் போனால் அன்றே சர்க்கரை பாருங்கள். கை நடுக்கமும் படபடப்பும் இருந்தால் டி.எஸ்.எச். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், இரவில் வேர்வை என்றால் பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சளிப் பரிசோதனை இலவசம்.

எதிர்த்திசையிலும் இதேபோல ஒன்று உண்டு. புதிதாக ஒரு மருந்து தொடங்கிய சில மாதங்களில் எடை ஏறினால் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள், வலிப்புக்கான வால்ப்ரோயேட், மனநலத்துக்கான ஓலான்சபின், மிர்டாசபின் ஆகியவை எடை ஏற்றக்கூடியவை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாற்று இருக்கிறதா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள்.